மூளையைச் சுற்றியுள்ள மூன்று உறைகள்: எந்த இடைவெளியில் எது சேர்ந்தால் எவ்வளவு நேரம் மிஞ்சும்

தலையில் அடிபட்டவர், திடீரென்று தலையிடி பிளந்தவர், காய்ச்சலோடு கழுத்து விறைத்த பிள்ளை. இந்த மூவரையும் பார்க்கும் வைத்தியர் முதலில் யோசிப்பது ஒரே விஷயத்தைத்தான்: மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள மூன்று உறைகளில், எந்த இரண்டுக்கு இடையில் என்ன சேர்கிறது? அதற்கு விடை தெரிந்தால் கையிலுள்ள நேரமும் தெரிந்துவிடும். ஓரிடத்தில் குருதி சேர்ந்தால் ஒரு மணித்தியாலம்கூடப் பெரிது. இன்னோரிடத்தில் மூன்று கிழமை சத்தமில்லாமல் போகும். வீட்டில் இருப்பவர்கள் இதை அறிந்திருந்தால், "காலையில் பார்ப்போம்" என்று எப்போது சொல்லலாம், எப்போது சொல்லவே கூடாது என்பது விளங்கும்.

வெளியிலிருந்து உள்ளே

மண்டையோட்டின் உட்புறத்தில் ஒட்டியிருப்பது டியூரா. மூன்றில் தடித்ததும் கடினமானதும் இதுதான். இதற்கு இரண்டு படைகள் உண்டு. வெளிப்படை எலும்போடு ஒட்டியது. உட்படை சில இடங்களில் பிரிந்து உள்ளே மடிந்து, மூளையின் இரு அரைக்கோளங்களுக்கு நடுவில் செங்குத்தாக ஒரு திரையாகவும், சிறுமூளைக்கு மேலே ஒரு கூரையாகவும் நிற்கிறது. இரு படைகளும் பிரியும் இடங்களில்தான் மூளையிலிருந்து வெளியேறும் நாளக் குருதி ஓடும் வாய்க்கால்கள் இருக்கின்றன.

மண்டைக்குள் எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவில் வழமையாக இடைவெளியே கிடையாது. குருதி அங்கே சேர வேண்டுமானால் டியூராவை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டுதான் சேர வேண்டும். முள்ளந்தண்டில் நிலைமை வேறு. அங்கே கொழுப்பும் நாளங்களும் நிறைந்த உண்மையான இடைவெளி இருக்கிறது. பிரசவ வலிக்குப் போடும் எபிடியூரல் ஊசி அந்த இடத்துக்குத்தான் போகிறது.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. நோயாளியை விழித்திருக்க வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மூளையில் சத்திரசிகிச்சை செய்ய முடிவது அதனால்தான். டியூராவுக்கோ நன்றாகவே வலிக்கும். முகத்துக்குப் போகும் முக்கிளை நரம்பும் கழுத்தின் மேல் நரம்புகளும் அதற்குக் கிளை கொடுக்கின்றன. உறையில் கோளாறு வந்தால் நெற்றி, கண்ணின் பின்புறம், பிடரி ஆகிய இடங்களில் வலி தெரிவதற்கு இதுவே காரணம்.

டியூராவின் உட்பக்கத்தோடு ஒட்டி நிற்பது அரக்னொயிட். மெல்லியது, தனக்கென்று குருதிக் குழாய் இல்லாதது. அதற்குக் கீழேதான் இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்படும் இடம் வருகிறது: நுண்ணிய இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், நீர் நிரம்பிய இடைவெளி. மூளைக்குக் குருதி கொண்டுவரும் பெரிய நாடிகள் இந்த நீருக்குள்ளேயே கிடக்கின்றன. கடைசி உறை பியா. அது மூளையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கி ஒட்டியிருக்கும். அதை விரலால் உரித்தெடுக்க முடியாது.

அந்த நீர் மூளைய முண்ணாண் பாய்பொருள். வளர்ந்தவர் ஒருவரில் எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லிலீற்றர் இருக்கும். ஒரு நாளைக்கு உற்பத்தியாவது 500 மில்லிலீற்றர் அளவு. ஆகவே நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை முழுவதும் புதிதாகிவிடுகிறது. பரிசோதனைக்கு 10 மில்லிலீற்றர் எடுத்தால் "மூளைத் தண்ணி வற்றிவிடும்" என்று பயப்படுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்: அரை மணித்தியாலத்தில் அது திரும்ப ஊறிவிடும். சுமார் 1,400 கிராம் எடையுள்ள மூளை இந்த நீரில் மிதப்பதால், அதன் அடிப்பகுதியில் அழுத்தும் எடை 50 கிராம் அளவுக்குக் குறைகிறது.

அடிபட்ட பின்: எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவில்

காதுக்கு முன்னால், கண்ணுக்குப் பின்னால் உள்ள பொட்டுப் பகுதியில் மண்டையோடு மிக மெல்லியது. அதன் உட்புறத்தில் டியூராவுக்குக் குருதி கொடுக்கும் நாடி ஒரு பள்ளத்தில் ஓடுகிறது. தோல் பந்து, கிரிக்கெட் மட்டை, மோட்டார் சைக்கிள் விபத்தில் நடைபாதைக் கல் என்று எது அந்த இடத்தில் பட்டு எலும்பு வெடித்தாலும் நாடி கிழியலாம். நாடி என்பதால் குருதி அழுத்தத்தோடு பாயும், டியூராவை உரித்துக்கொண்டு போகும். ஸ்கேனில் இது இருபுறமும் குவிந்த வில்லை வடிவில் தெரியும்.

ஆபத்து எதில் என்றால், சிலர் அடிபட்டவுடன் மயங்கி, பிறகு எழும்பி, நன்றாகக் கதைத்து, தேநீரும் குடித்துவிட்டு, சில மணித்தியாலங்களில் சரிந்து விழுகிறார்கள். நடுவில் வரும் அந்த நல்ல நேரம் எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்கள் வீட்டில் தங்கிவிடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. நேரத்தோடு மண்டையோட்டைத் திறந்து குருதியை எடுத்துவிட்டால் முழுதாகத் தேறக்கூடிய நோய் இது. பிந்தினால் ஒரு கண்மணி விரிந்து, மூச்சு மாறி, மூளைத்தண்டு நசுங்கும்.

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் புறப்படுங்கள்:

1. மயக்கம், சிறிது நேரமே என்றாலும். நடந்தது ஞாபகம் இல்லாமை.
2. ஒரு தடவைக்கு மேல் சத்தி. சிறு பிள்ளைகள் அழுது ஒருமுறை சத்தி எடுப்பதுண்டு, மூன்று தடவை என்றால் நிச்சயம் போக வேண்டும்.
3. வலிப்பு, கை கால் ஒரு பக்கம் தளர்தல், பேச்சுக் குழறல்.
4. கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத தூக்கம்.
5. காதுக்குப் பின்னால் அல்லது இரு கண்களைச் சுற்றியும் கறுத்துப் போதல், மூக்கால் அல்லது காதால் தெளிந்த நீர் வருதல்.
6. வோர்பரின், குளோபிடொக்ரல் போன்ற குருதி உறையாமைக் குளிசை எடுப்பவருக்கு எந்தத் தலையடியும்.

இவை எதுவும் இல்லாவிட்டால் 24 மணித்தியாலம் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். தூங்க விடலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுப்பி, பெயரும் இடமும் கேட்டு, கை கால் அசைக்கச் சொல்லுங்கள். வலிக்குப் பனடோல் போதும். அஸ்பிரின், டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென் வேண்டாம். அன்றிரவு மதுவும் வேண்டாம். குடித்தவரின் உளறலையும் மூளை நசுங்குபவரின் உளறலையும் வெளியிலிருந்து பிரித்தறிய எந்த வழியும் இல்லை. "போதையில் கிடக்கிறார்" என்று விட்டுவிடப்பட்ட தலையடிகள்தான் காலையில் மோசமான நிலையில் வந்து சேர்கின்றன.

கொழும்பில் 1990 இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். கழுத்திலும் அடி இருக்கலாம் என்றால் ஓட்டோவில் மடித்து ஏற்றுவதை விட அதற்குக் காத்திருப்பது நல்லது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவும், பிள்ளைகளுக்குப் பொரளை லேடி றிட்ஜ்வே வைத்தியசாலையும் நேரே போகக்கூடிய இடங்கள். தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போவீர்கள் என்றால் புறப்படும்போதே தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த நேரத்தில் சி.டி. ஸ்கேன் ஓடுகிறதா, நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் வரக்கூடியவரா? ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதில் நேரம் போய்விடும்.

ஒரு துண்டுக் கடதாசியில் அடிபட்ட நேரம், மயங்கிய நேரம், சத்தி எடுத்த ஒவ்வொரு நேரத்தையும் இலக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அவசரப் பிரிவில் எந்த மொழிக்காரர் நின்றாலும் இலக்கம் விளங்கும். கிளினிக் கொப்பியையும் மறக்காதீர்கள்.

டியூராவுக்கும் அரக்னொயிட்டுக்கும் நடுவில்: மெதுவான குருதி

மூளையின் மேற்பரப்பிலிருந்து டியூராவின் வாய்க்கால்களுக்குப் போகும் சிறு நாளங்கள் இந்த இடத்தைக் கடக்கின்றன. வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்கும், நாளங்கள் இழுபட்டு நிற்கும். அப்போது குளியலறையில் வழுக்கி, சுவரில் தலை இடித்தது போன்ற சின்ன அடியே போதும். நாளக் குருதி மெதுவாகக் கசியும். பிறை வடிவில் பரவி, கிழமைக் கணக்கில் வளரும். கடும் விபத்தில் இதே இடத்தில் வேகமாகக் குருதி சேர்வதும் உண்டு. அதன் ஆபத்து முன்னையதை விடக் கூட, ஏனென்றால் மூளையும் கூடவே நசுங்கியிருக்கும்.

மெதுவான வகை வீடுகளில் தப்பிவிடுவது, அது வயோதிபத்தின் வேடத்தில் வருவதால். அம்மம்மா இரண்டு கிழமையாகக் கொஞ்சம் தடுமாறுகிறார், பகலில் தூங்குகிறார், ஒரு கால் இழுபடுகிறது, பேரனின் பெயர் மாறிப் போகிறது. வயது போனால் மறதி வரும்தானே என்று விட்டுவிடுவார்கள். விழுந்த ஞாபகமே அவருக்கு இருக்காது. மறதி வருடக்கணக்கில் வருவது. கிழமைக்கணக்கில் வந்தால் ஸ்கேன் கேளுங்கள். மண்டையில் ஒன்றிரண்டு சிறு துளையிட்டு பழைய குருதியை வடித்துவிட்டால், பலர் சில நாட்களிலேயே பழைய ஆளாகிவிடுகிறார்கள். மீண்டும் சேரக்கூடும் என்பதால் அடுத்த சில மாதங்களுக்குக் கண் வைத்திருக்க வேண்டும்.

நீர் இடைவெளிக்குள் நாடி வெடித்தால்

நீருக்குள் கிடக்கும் நாடி ஒன்றில் பலூன்போல வீங்கிய இடம் வெடித்தால், வாழ்நாளில் அனுபவித்திராத தலையிடி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும். மைக்ரேன் ஏறுவதற்கு நேரம் எடுக்கும், இது எடுக்காது. கூடவே சத்தி, வெளிச்சம் கூசுதல், சிலருக்கு மயக்கம். கழுத்து விறைக்கச் சில மணித்தியாலம் செல்லும். ஆகவே முதல் மணித்தியாலத்தில் கழுத்து மடங்குகிறதே என்று ஆறுதல்பட முடியாது. தலையிடி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப்படுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. மீண்டும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணித்தியாலத்தில்தான் அதிகம்.

தலையிடி தொடங்கி ஆறு மணித்தியாலத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேன் அனேகமாக எல்லாவற்றையும் காட்டிவிடும். நேரம் போகப் போக நீர் குருதியைக் கழுவிவிடுவதால் ஸ்கேன் வெறுமையாகத் தெரியலாம். அப்போது 12 மணித்தியாலம் கழித்து முதுகிலிருந்து நீர் எடுத்து மஞ்சள் நிறமாற்றம் பார்ப்பார்கள். முந்தி எடுத்தால் அந்த நிறம் உண்டாகியிருக்காது. ஆகவே காத்திருக்கச் சொன்னால் அது அலட்சியமல்ல.

மூக்கால் வடியும் நீர்

மூக்கின் கூரையாக இருக்கும் எலும்பு மெல்லியது, டியூரா அதோடு இறுக ஒட்டியது. எலும்பு வெடித்தால் இரண்டும் சேர்ந்தே கிழியும். குனியும்போது ஒரு மூக்குத் துவாரத்தால் மட்டும் தண்ணீர்போல வடிந்து, தொண்டையில் உப்புச் சுவை தெரிந்தால் தடிமன் என்று நினைக்காதீர்கள். மூக்கைச் சிந்த வேண்டாம், பஞ்சு அடைக்க வேண்டாம், மூக்கு வழியாக எந்தக் குழாயும் போட விட வேண்டாம். அந்த ஓட்டை வழியாகக் கிருமி உள்ளே போய் உறை அழற்சி வரலாம், சிலவேளை அடிபட்டுப் பல மாதங்கள் கழித்தும்.

உறையில் அழற்சி: மெனிஞ்சைட்டிஸ்

மூளைக்காய்ச்சல் என்று ஊரில் சொல்வதில் பாதி இதுதான். அரக்னொயிட், பியா, நடுவிலுள்ள நீர் மூன்றிலும் கிருமி பரவுகிறது. காய்ச்சல், தலையிடி, கழுத்து விறைப்பு, புத்தித் தடுமாற்றம் என்ற நான்கில் குறைந்தது இரண்டு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் இருக்கும். நான்கும் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே இருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், தூக்கினால் கூடும் அழுகை, தொய்ந்த உடம்பு, புடைத்து நிற்கும் உச்சிக்குழி ஆகியவற்றைப் பாருங்கள்.

தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் தெளிந்த கண்ணாடிக் குவளையின் பக்கத்தை அதன் மேல் அழுத்துங்கள். மறையாவிட்டால் அவசரம். எங்கள் தோல் நிறத்தில் புள்ளி எளிதில் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய இடங்களில் தேடுங்கள்.

கொழும்பில் மழை தொடங்கினால் எல்லாக் காய்ச்சலும் டெங்கு ஆகிவிடுகிறது. டெங்கிலும் தலையிடி கடுமை, டெங்கிலும் அழுத்தினால் மறையாத புள்ளி வரும். இரண்டையும் வீட்டில் பிரித்தறிய முயல வேண்டாம். மோவாயை நெஞ்சில் வைக்க முடியாத கழுத்தும், குழம்பிய கதையும் இருந்தால் குருதிப் பரிசோதனை முடிவுக்காக ஒரு நாள் காத்திருக்கக் கூடாது. டெங்கில் குருதி உறைய உதவும் குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்திருந்தால் முதுகு ஊசி ஆபத்து. வோட்டில் ஊசிக்கு முன் குருதி எண்ணிக்கை பார்ப்பது அதனாலும்தான்.

இன்னொரு சிக்கல்: முதல் நாளே பக்கத்துக் கிளினிக்கில் நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை எடுத்திருப்பார்கள். மெனிஞ்சைட்டிசுக்கு அது போதாது. ஆனால் கிருமி வளர்ப்புப் பரிசோதனையைக் கெடுக்க அதுவே போதும். எந்தக் குளிசை, எத்தனை, எப்போது என்று குளிசைப் பக்கற்றோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் பக்டீரியா வகை என்று சந்தேகித்தாலே செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்தை நாளத்தில் தொடங்குவார்கள். வளர்ந்தவருக்கு வழமையாக 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை 2 கிராம். அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெதசோன் கொடுப்பதென்றால் முதல் மருந்தோடு அல்லது அதற்குச் சற்று முன். முதியவர், கர்ப்பிணி என்றால் லிஸ்டீரியா என்ற பக்டீரியாவுக்காக அம்பிசிலின் சேரும். ஸ்கேனோ முதுகு ஊசியோ பிந்தினாலும் மருந்து பிந்தக் கூடாது.

இரண்டு மூன்று கிழமையாக லேசான காய்ச்சல், மெலிவு, கூடிவரும் தலையிடி, பிறகு இரட்டைப் பார்வை என்றால் காசநோய் வகையை நினைக்க வேண்டும். அதற்கு மருந்து ஏறத்தாழ ஒரு வருடம்.

முதுகிலிருந்து நீர் எடுப்பது, படிப்படியாக

"முள்ளந்தண்டில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போகும்" என்ற பயத்தால் கையெழுத்து வைக்க மறுக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. வளர்ந்தவரில் முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு, இடுப்பின் முதலாம், இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. உறைப்பையோ அதற்கும் கீழே திருவெலும்பு வரை போகிறது. ஊசி போவது மூன்றாம், நான்காம் எலும்புக்கு நடுவில் அல்லது அதற்கு ஒன்று கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு வேர்கள்தான் இருக்கும். அவை ஊசிக்கு விலகிக் கொடுக்கும்.

முதலில் நோயாளியை இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, முழங்கால் வயிற்றோடும் மோவாய் நெஞ்சோடும் சேரும்படி வளைப்பார்கள். எலும்புகளுக்கு நடுவிலுள்ள வெளி விரிவது இந்த வளைவில்தான். பாதி முயற்சிகள் தோற்பது ஊசியால் அல்ல, முதுகு போதியளவு வளையாததால். பிள்ளையைப் பிடித்திருக்கும் தாதியின் கை இங்கே வைத்தியரின் கைக்குச் சமம். இரு இடுப்பெலும்பு மேடுகளையும் இணைக்கும் கோடு நான்காம் எலும்பு மட்டத்தில் கடக்கும். அதை வைத்து இடத்தைக் குறிப்பார்கள்.

தோலைச் சுத்தம் செய்த திரவம் முழுதாகக் காயும் வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் அது உள்ளே போய் அரக்னொயிட்டை எரிச்சலூட்டலாம். பிறகு விறைப்பு ஊசி. அதுதான் எரியும். அதன் பின் உணர்வது பெரும்பாலும் அழுத்தம் மட்டுமே. உள்ளே கம்பி செருகிய மெல்லிய ஊசி தோல், கொழுப்பு, எலும்புகளை இணைக்கும் நார்கள் ஆகியவற்றைக் கடந்து டியூராவையும் அரக்னொயிட்டையும் துளைக்கும்போது கையில் சின்ன விடுபடல் தெரியும். கம்பியை இழுத்தால் நீர் சொட்டும். படுத்திருக்கும்போது அழுத்தம் வளர்ந்தவரில் சுமார் 6 முதல் 25 சென்ரிமீற்றர் நீர் அளவு வரை வழமையானது. நீரைச் சிரிஞ்சால் உறிஞ்சவே கூடாது, தானாகச் சொட்ட விட வேண்டும். 20 சொட்டு ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர். மூன்று நான்கு குழாய்களில் பிடித்து, கம்பியைத் திரும்பச் செருகிய பின்னரே ஊசியை எடுப்பார்கள்.

காலில் மின் அடித்தாற்போல வலித்தால் அசையாமல், எந்தக் கால் என்று மட்டும் சொல்லுங்கள். ஊசி அந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று அர்த்தம், திருத்திவிடுவார்கள். முதற் குழாயில் குருதி இருந்து கடைசிக் குழாயில் தெளிந்தால் அது வழியில் சிறு நாளம் பட்ட குருதி. எல்லாக் குழாயிலும் ஒரேயளவு என்றால் தலைக்குள்ளிருந்து வந்திருக்கலாம்.

நல்ல நீர் பளிங்காக இருக்கும். வெண்குருதிக் கலங்கள் கன மில்லிமீற்றருக்கு ஐந்துக்குள், புரதம் டெசிலீற்றருக்கு 15 முதல் 45 மில்லிகிராம், குளுக்கோசு குருதியில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு. ஒப்பிடுவதற்காக அதே நேரத்தில் குருதிக் குளுக்கோசும் எடுக்க வேண்டும். அது விடுபட்டால் முடிவு பாதி பயனற்றது. பக்டீரியா வகையில் நீர் கலங்கி, வெண்குருதிக் கலங்கள் ஆயிரக்கணக்கில் ஏறி, குளுக்கோசு விழும். வைரசில் கலங்கள் பத்து, நூறு என்ற கணக்கில் நிற்கும், குளுக்கோசு விழாது. குழாய் உடனே ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். இரண்டு மணித்தியாலம் மேசையில் கிடந்தால் கலங்கள் சிதைந்து எண்ணிக்கை பொய்யாகும்.

எழும்பி இருந்தால் கூடி, படுத்தால் விடும் தலையிடி ஓரிரு நாளில் வரலாம். துளை வழியாக நீர் கசிவதால் வருவது அது. கட்டாயப் படுக்கை அதைத் தடுப்பதில்லை, பென்சில் முனை ஊசி தடுக்க உதவும். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் அடங்கும். அடங்காவிட்டால் நோயாளியின் சொந்தக் குருதி 15 முதல் 20 மில்லிலீற்றர் வரை டியூராவுக்கு வெளியே செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள். ஆனால் காய்ச்சலும் சேர்ந்தால் கதை வேறு. 2005 இல் கொழும்பில் சிசேரியனுக்காக முதுகில் விறைப்பு ஊசி போட்ட ஐந்து பெண்களுக்கு அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை உறை அழற்சி வந்தது, மூவர் இறந்தனர். சுனாமி நன்கொடைகள் குவிந்த காலத்தில் ஈரக் களஞ்சியத்தில் வைத்த சிரிஞ்சுகள் வரை தடம் போனது. முதுகு ஊசிக்குப் பிறகு கிழமைகள் கழித்துத் தலையிடியும் காய்ச்சலும் வந்தாலும், ஊசி போட்ட விஷயத்தை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

தடுக்கக்கூடியவை

பிள்ளைகளில் உறை அழற்சி உண்டாக்கும் பக்டீரியாக்களில் ஒன்றான ஹிப் கிருமிக்கான பாதுகாப்பு 2, 4, 6 மாதங்களில் போடும் பென்டாவலன்ட் ஊசியில் இருக்கிறது. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. குழந்தைகளின் காசநோய் உறை அழற்சிக்கு எதிராகத்தான் நன்றாக வேலை செய்கிறது. ஹஜ் போகிறவர்கள் உறை அழற்சி உண்டாக்கும் மெனிஞ்சோகொக்கஸ் பக்டீரியாவின் நான்கு வகைகளுக்கு எதிரான ஊசியைச் சவூதி போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும். கடைசிக் கிழமைக்குத் தள்ளினால் சான்றிதழ் இருந்தும் உடம்பில் எதிர்ப்பு இருக்காது.

தோட்டங்களில் ஊரும் பெரிய ஆபிரிக்க நத்தைகள் எலியின் நுரையீரல் புழுவின் குடம்பிகளைச் சுமக்கக்கூடியவை. பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரில் கழுவுங்கள். சிறு நத்தை ஒட்டியிருந்தால் அது உள்ளே போய் உறை அழற்சியில் முடியலாம். நத்தையைக் கையால் தொட்டு விளையாடும் பிள்ளைக்குச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் பழக்குங்கள். வேகாத உடும்பிறைச்சி தின்று இதே நோய் வந்ததும் இலங்கையில் பதிவாகியிருக்கிறது.

பக்டீரியா மெனிஞ்சைட்டிஸ் வந்து மாறிய பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவரும்போது காது கேட்டல் பரிசோதனைக்குத் திகதி வாங்காமல் வெளியேற வேண்டாம், நான்கு கிழமைக்குள் அது நடக்க வேண்டும். உட்காதின் நத்தைச் சுருளில் அழற்சி பட்டால் அது சில கிழமைகளிலேயே எலும்பாக இறுகத் தொடங்கும். இறுகிவிட்டால் கேட்கும் கருவியை உள்ளே பொருத்துவது மிகக் கடினம்.